‘இஸன்ட் இட்’ மட்டும் போதாது: டேக் கொஸ்டின் கேட்கவும் பதில் சொல்லவும்

தமிழில் நமக்கு இந்த வேலை சுலபம். “நீங்க காரைக்குடிதானே?”, “சாப்பாடு ஆயிருச்சுல்ல?”, “அவுக நாளைக்கு வர்றாக, இல்லையா?” என்று கேட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். ஆணா பெண்ணா, ஒருவரா பலரா, நேற்றா நாளையா என்று எதையும் பார்க்க வேண்டாம். கடைசியில் ஒரு ‘ல்ல’வோ ‘தானே’யோ போட்டால் கேள்வி தயார். ஆங்கிலத்தில் இப்படி வாக்கியத்தின் கடைசியில் ஒட்டும் குட்டிக் கேள்விக்குத்தான் ‘டேக்’ என்று பெயர். ஆங்கிலம் பேச ஆரம்பித்ததும் அதே பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் ‘இஸன்ட் இட்’ போட்டுவிடுகிறோம். “யூ ஆர் கமிங் டுமாரோ, இஸன்ட் இட்?”, “ஹி வென்ட் டு தேவகோட்டை, இஸன்ட் இட்?” கேட்பவருக்குப் புரியத்தான் செய்யும். நமக்குள் பேசிக்கொள்ளும்போது அதில் பெரிய குற்றமும் இல்லை. சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வரும் சொந்தக்காரர்கள் எதற்கெடுத்தாலும் ‘இஸ் இட்?’ என்கிறார்கள், லண்டன் தெருக்களில் ‘இன்னிட்’ என்கிறார்கள். ஆனால் தேர்வுத் தாளில் இதற்கு மதிப்பெண் கிடையாது. வெளிநாட்டு விருந்தினரோடு தினமும் பேச வேண்டியவர்களுக்கு முறைப்படி தெரிந்திருந்தால் பேச்சு வழுக்கிக்கொண்டு போகும்.

கானாடுகாத்தானில் விடுதியாக மாறிய பழைய வீடுகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஆத்தங்குடி டைல் பட்டறைகளைச் சுற்றிக் காட்டுபவர்கள், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் நிற்பவர்கள், வாடகைக் கார் ஓட்டுபவர்கள் இவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். பள்ளிப் பிள்ளைகளும் படிக்கலாம், விதி ஒன்றுதான். ஆங்கில வாக்கியங்களை வாயில் வரும்படி தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். முதலில் சத்தமாகச் சொல்லுங்கள், அப்புறம் நோட்டில் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். எழுதும்போது டேக்குக்கு முன்னால் ஒரு காற்புள்ளி, டேக்கின் முதல் எழுத்து சின்ன எழுத்து, கடைசியில் கேள்விக்குறி.

விடை வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது

டேக்கை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நீங்கள் சொன்ன வாக்கியத்திலிருந்தே அதை எடுத்துக்கொள்ளலாம். ஒரு வாக்கியத்தை மெதுவாகப் பார்ப்போம். ஒரு வீட்டுக்குள் விருந்தினரை அழைத்துப் போகிறீர்கள். முகப்பைத் தாண்டி வளவில் (வீட்டுக்குள் இருக்கும் முற்றத்தில்) நிற்கும் தூண்களைப் பார்த்துவிட்டு அவர் சொல்கிறார்:

“தி பில்லர்ஸ் ஆர் பர்மா டீக்.”

இதற்கு ‘இல்லையா’ சேர்க்க வேண்டும். முதலில் துணைவினையைத் தேடுங்கள், அதாவது பள்ளியில் ‘ஹெல்பிங் வெர்ப்’ என்று சொல்லிக்கொடுத்த சின்ன வினைச்சொல். இங்கே அது ‘ஆர்’. அடுத்து அதைத் திருப்புங்கள். வாக்கியம் ‘ஆம்’ பக்கம் இருந்தால் டேக் ‘இல்லை’ பக்கம் போக வேண்டும். ‘ஆர்’ இப்போது ‘ஆரன்ட்’ ஆகிவிட்டது. கடைசியாக, யாரைப் பற்றி அல்லது எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று பாருங்கள். தூண்கள், பன்மை. ஆகவே ‘தே’.

“தி பில்லர்ஸ் ஆர் பர்மா டீக், ஆரன்ட் தே?”

இவ்வளவுதான் முறை. மற்ற எல்லாமே இதன் மேல் வருகிற சின்னச் சின்ன நுணுக்கங்கள். இன்னும் சில வாக்கியங்களை இதே வழியில் சொல்லிப் பாருங்கள்:

“தி கீ இஸ் வித் யூ, இஸன்ட் இட்?”
“யூ கேன் டிரைவ், கான்ட் யூ?”
“ஷி வில் மேக் காஃபி, வோன்ட் ஷி?”
“தே ஹேவ் லெஃப்ட், ஹேவன்ட் தே?”

வாக்கியமே எதிர்மறையாக இருந்தால் டேக் ‘ஆம்’ பக்கம் வரும்:

“யூ ஆரன்ட் டயர்ட், ஆர் யூ?”
“தி பஸ் ஹேஸன்ட் கம், ஹேஸ் இட்?”

‘வில்’ எதிர்மறையானால் ‘வோன்ட்’ என்று உருவமே மாறிவிடும், அதை மட்டும் தனியாக நினைவில் வையுங்கள். எதிர்மறை டேக்கைச் சுருக்கித்தான் சொல்ல வேண்டும். ‘இஸ் நாட் இட்’ என்று பிரித்துச் சொன்னால் தவறு. பிரித்தே தீர வேண்டும் என்றால் ‘இஸ் இட் நாட்’ என்று வரிசை மாறும். அது பழைய மேடைப் பேச்சு வாடை அடிக்கும், நமக்கு வேண்டாம்.

ஒரு வாக்கியத்தில் இரண்டு, மூன்று துணைவினைகள் இருந்தால் முதலாவது மட்டும்தான் கணக்கு. “தி ஹவுஸ் ஹேஸ் பீன் லாக்ட் ஃபார் இயர்ஸ், ஹேஸன்ட் இட்?” இதில் ‘பீன்’ என்பதைக் கண்டுகொள்ள வேண்டாம். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரி பக்கம் போகும்போது விருந்தினர், “தி ஃபவுண்டேஷன் ஸ்டோன் வாஸ் லெய்ட் இன் 1948, வாஸன்ட் இட்?” என்று கேட்கலாம். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, நேரு அடிக்கல் நாட்டிய ஆண்டு அது. ‘லெய்ட்’ என்பது முக்கிய வினை, ‘வாஸ்’ துணைவினை. டேக் ‘வாஸ்’ஸிலிருந்துதான் வரும்.

டேக்கின் இரண்டாவது சொல்லில் பலர் தடுக்கி விழுவார்கள். அங்கே பெயர் வரவே கூடாது. ஹி, ஷி, இட், வி, யூ, தே, ஐ இவற்றில் ஒன்றுதான் வர வேண்டும். “தி டிரைவர் இஸ் வெயிட்டிங், இஸன்ட் தி டிரைவர்?” என்று சொல்லக் கூடாது, ‘இஸன்ட் ஹி?’. வாக்கியம் ‘திஸ்’ அல்லது ‘தட்’ என்று தொடங்கினால் டேக்கில் ‘இட்’. ‘தீஸ்’, ‘தோஸ்’ என்றால் ‘தே’. “தோஸ் ஆர் பெல்ஜியன் மிரர்ஸ், ஆரன்ட் தே?” ‘தேர்’ என்று தொடங்கும் வாக்கியத்துக்கு மட்டும் ஒரு சலுகை, அந்தத் ‘தேர்’ அப்படியே டேக்குக்கும் வந்துவிடும். “தேர் இஸ் அன் ஊருணி நியர் தி டெம்பிள், இஸன்ட் தேர்?”

‘ஒன் ஆஃப் தி பில்லர்ஸ் இஸ் கிராக்ட்’ என்றால் பேச்சு ஒரே ஒரு தூணைப் பற்றித்தான், அதனால் ‘இஸன்ட் இட்?’. பக்கத்தில் ‘பில்லர்ஸ்’ என்று கேட்டதும் ‘ஆரன்ட் தே’ சொல்லத் தோன்றும், ஏமாறாதீர்கள். ‘எவ்ரிபடி’, ‘எவ்ரிஒன்’ வரும்போது நேர்மாறு. வாக்கியத்தில் ஒருமை வினை, டேக்கில் பன்மை: “எவ்ரிபடி ஹேஸ் ஈட்டன், ஹேவன்ட் தே?” ‘ஹேஸ்’ எப்படி ‘ஹேவன்ட்’ ஆனது என்று பிள்ளைகள் கேட்பார்கள். ‘தே’ வந்ததும் வினை அதற்கு ஏற்றபடி மாறிக்கொண்டது, அவ்வளவுதான்.

கண்ணுக்குத் தெரியாத டூ, டஸ், டிட்

‘இஸன்ட் இட்’ பெரும்பாலும் நம் வாயில் நுழைவது இந்த இடத்தில்தான். “ஹி வென்ட் டு தேவகோட்டை” என்ற வாக்கியத்தில் துணைவினை எங்கே என்று தேடினால் கிடைக்காது. கிடைக்காததால் கைக்கு எட்டிய ‘இஸன்ட் இட்’டை எடுத்துப் போட்டுவிடுகிறோம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அந்த வாக்கியத்தையே நேர்க் கேள்வியாக மாற்றிப் பாருங்கள். “டிட் ஹி கோ டு தேவகோட்டை?” இப்போது ‘டிட்’ வெளியே வந்துவிட்டது. டேக்கும் அதுதான்: “ஹி வென்ட் டு தேவகோட்டை, டிடன்ட் ஹி?” அதே மாதிரி பல்லவன் ரயிலைப் பற்றி “தி பல்லவன் லீவ்ஸ் ஏர்லி இன் தி மார்னிங்” என்பதைக் கேள்வியாக்கினால் ‘டஸ்’ வரும். ஆக, ‘டஸன்ட் இட்?’. “யூ லைக் வெள்ளைப் பணியாரம்” என்பதற்கு ‘டோன்ட் யூ?’.

நிகழ்காலமா இறந்தகாலமா என்று குழப்பும் சில சொற்கள் உண்டு. ‘புட்’, ‘கட்’, ‘ஷட்’ எல்லாம் இரண்டு காலத்துக்கும் ஒரே உருவம். “தி டிரைவர் புட் தி பேக் இன்சைட்” என்றால் எந்தக் காலம்? நிகழ்காலமாக இருந்தால் ‘புட்ஸ்’ என்று கடைசியில் ‘ஸ்’ ஒலித்திருக்க வேண்டும். ஒலிக்கவில்லை, அதனால் இது முடிந்த விஷயம்: ‘டிடன்ட் ஹி?’. தேர்வில் இந்த மாதிரி ஒன்றை வேண்டுமென்றே வைப்பார்கள்.

‘யூஸ்ட் டு’ நம் ஊர்ப் பேச்சுக்கு அடிக்கடி வேண்டியிருக்கும். பர்மா, மலாயா, இலங்கை என்று தொழிலுக்குப் போய் வந்த குடும்பங்களின் கதையைக் கேட்காத விருந்தினர் குறைவு. “தி ஃபேமிலி யூஸ்ட் டு லிவ் இன் ரங்கூன், டிடன்ட் தே?” ‘யூஸ்ட் டு’ எப்போதும் பழைய காலம், டேக்கில் எப்போதும் ‘டிடன்ட்’. இங்கே ‘ஃபேமிலி’யை ஆட்களாக நினைத்து ‘தே’ போட்டிருக்கிறேன், பேச்சில் இதுதான் இயல்பு.

அப்புறம் ‘ஹேவ்’. இது சில இடங்களில் துணைவினை, சில இடங்களில் முழு வினை. “யூ ஹேவ் சீன் தி ஹவுஸ்” என்பதில் ‘சீன்’ என்ற வேலைக்கு உதவியாக வருகிறது, ஆகவே ‘ஹேவன்ட் யூ?’. “யூ ஹேவ் எ ரூம் ஃபார் டுநைட்” என்பதில் ‘இருக்கிறது, வைத்திருக்கிறீர்கள்’ என்ற பொருளில் தனியாக நிற்கிறது, ஆகவே ‘டோன்ட் யூ?’. பழைய பிரிட்டிஷ் வழக்கில் இதற்கும் ‘ஹேவன்ட் யூ’ சொல்வார்கள். யாராவது வயதான விருந்தினர் அப்படிக் கேட்டால் திருத்தப் போகாதீர்கள். ‘யூ ஹேவ் காட்’ என்றால் மட்டும் உறுதியாக ‘ஹேவன்ட் யூ’. ‘ஹேவ் டு’வுக்கு ‘டோன்ட்’, ‘ஹேட் டு’வுக்கு ‘டிடன்ட்’: “வி ஹேட் டு வெயிட், டிடன்ட் வி?”

சுருக்கிப் பேசும்போது வரும் சிக்கல்

வெள்ளைக்காரர்கள் யாரும் ‘ஷி இஸ்’, ‘ஷி ஹேஸ்’ என்று பிரித்துப் பேசுவதில்லை. இரண்டுமே ‘ஷீஸ்’ என்றுதான் காதில் விழும். எதற்கு எந்த டேக்? பின்னால் வரும் சொல்லைக் கேளுங்கள். “ஷீஸ் குக்கிங், இஸன்ட் ஷி?” இதில் ‘இங்’ இருக்கிறது, ஆக ‘இஸ்’. “ஷீஸ் கான் டு கோட்டையூர், ஹேஸன்ட் ஷி?” இதில் மூன்றாம் உருவ வினை, ஆக ‘ஹேஸ்’.

மூன்றாம் உருவம் வந்தாலே ‘ஹேஸ்’ என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்யவும் முடியாது. “ஹீஸ் மேட் தி டைல்” என்றால் அவர் செய்திருக்கிறார், ‘ஹேஸன்ட் ஹி?’. “இட்ஸ் மேட் இன் ஆத்தங்குடி” என்றால் அது செய்யப்படுகிறது, ‘இஸன்ட் இட்?’. செய்தவரைப் பற்றிப் பேசுகிறோமா, செய்யப்பட்ட பொருளைப் பற்றியா என்று பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

‘யூட்’, ‘ஹீட்’ என்று வருவதும் இப்படித்தான். “யூட் லைக் எ காஃபி, வுடன்ட் யூ?” இது ‘வுட்’. “யூட் பெட்டர் டேக் அன் அம்ப்ரெல்லா, ஹேடன்ட் யூ?” இது ‘ஹேட்’. ‘பெட்டர்’ வந்தால் ‘ஹேட்’. ‘லைக்’, ‘ராதர்’ வந்தால் ‘வுட்’. இந்த அளவு போதும்.

‘மே’ வரும் வாக்கியங்களுக்கு டேக் போட முயல வேண்டாம். இலக்கணப் புத்தகத்தில் இருக்கும் அந்த உருவத்தை இன்று யாரும் பேசுவதில்லை.

‘நாட்’ இல்லாமலே எதிர்மறை

சில சொற்கள் பார்க்கச் சாதுவாக இருக்கும், உள்ளே ‘இல்லை’ இருக்கும். நெவர், ஹார்ட்லி, செல்டம், ரேர்லி, நோபடி, நத்திங், நோ, ஃப்யூ, லிட்டில். இவற்றில் ஒன்று வந்தால் வாக்கியம் ஏற்கெனவே எதிர்மறைதான். டேக் ‘ஆம்’ பக்கம் வர வேண்டும்.

“நோபடி லிவ்ஸ் ஹியர் நவ், டூ தே?”
“இட் ஹார்ட்லி ரெய்ன்ஸ் ஹியர் இன் ஏப்ரல், டஸ் இட்?”
“நத்திங் இஸ் புரோக்கன், இஸ் இட்?”

முதல் வாக்கியம் செட்டிநாட்டில் எல்லோரும் கேட்கும் கேள்வி. அவ்வளவு பெரிய வீடு, பூட்டிய கதவு, காவலுக்கு ஒருவர். ‘நோபடி’க்கு ‘தே’, ‘நத்திங்’குக்கு ‘இட்’.

‘ஃப்யூ’வும் ‘எ ஃப்யூ’வும் ஒன்று போலத் தோன்றினாலும் எதிரெதிர். “ஃப்யூ பீப்பிள் நோ திஸ் ஸ்ட்ரீட், டூ தே?” என்றால் தெரிந்தவர்கள் இல்லை என்றே சொல்லலாம் என்ற பொருள். “எ ஃப்யூ பீப்பிள் நோ திஸ் ஸ்ட்ரீட், டோன்ட் தே?” என்றால் சிலருக்குத் தெரியும். முன்னால் வரும் அந்த ஒற்றை ‘எ’ தான் டேக்கைத் திருப்பிப் போடுகிறது. ‘லிட்டில்’, ‘எ லிட்டில்’ இரண்டுக்கும் இதே கதை.

‘அன்ஹேப்பி’, ‘இம்பாசிபிள்’ போன்றவை இந்தக் கூட்டத்தில் சேராது. அங்கே எதிர்மறை அந்தச் சொல்லோடு நின்றுவிடுகிறது, வாக்கியத்துக்குப் பரவுவதில்லை. “ஹி இஸ் அன்ஹேப்பி, இஸன்ட் ஹி?”

இன்னொரு வலை ‘ஐ திங்க்’. “ஐ திங்க் தி ஷாப் இஸ் க்ளோஸ்ட்” என்றால் பேச்சு கடையைப் பற்றித்தான், என் நினைப்பைப் பற்றியில்லை. ‘டோன்ட் ஐ’ என்று போடாமல் ‘இஸன்ட் இட்?’ என்று கேளுங்கள். “ஐ டோன்ட் திங்க் தி ஷாப் இஸ் ஓபன்” என்றால் ‘நாட்’ முன்னால் போய் உட்கார்ந்திருந்தாலும் பொருள் ‘கடை திறந்திருக்காது’ என்பதே. அதனால் ‘இஸ் இட்?’. இந்தச் சலுகை ‘ஐ’க்கு மட்டும். “யூ திங்க் தி ஷாப் இஸ் க்ளோஸ்ட், டோன்ட் யூ?” என்று மற்றவர் நினைப்பைக் கேட்டால் டேக் அவரிடமே போகும்.

விதிக்கு அடங்காத இரண்டு மூன்று

“ஐ ஆம் லேட்” என்றால் டேக் ‘ஆரன்ட் ஐ?’. ‘ஆம்’ உடன் ‘நாட்’ சேர்த்துச் சுருக்க ஆங்கிலத்தில் ஏற்ற உருவம் இல்லாததால் ‘ஆரன்ட்’டை இரவல் வாங்கிக்கொண்டார்கள். காரணம் கேட்டு மண்டையை உடைத்துக்கொள்ளாமல் அப்படியே சொல்லிப் பழகுங்கள். “ஐ ஆம் நாட் லேட்” என்றால் வழக்கம்போல ‘ஆம் ஐ?’.

“லெட்ஸ் ஸ்டார்ட்” என்று எல்லோரையும் கிளப்பினால் ‘ஷேல் வி?’. காலையில் கார் புறப்படும்போது சொல்ல இதைவிட நல்ல வாக்கியம் இல்லை.

ஏவலுக்கு ‘வில் யூ’ போதும். “க்ளோஸ் தி டோர், வில் யூ?”, “டோன்ட் டச் தி மிரர், வில் யூ?” உபசரிக்கும்போது ‘வோன்ட் யூ’ சேர்த்தால் இன்னும் இதமாக இருக்கும்: “ஹேவ் சம் மோர், வோன்ட் யூ?” நம் ஆச்சிமார் இலையில் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டே “இன்னும் கொஞ்சம் வச்சுக்கங்க” என்பார்களே, ஏறக்குறைய அந்தத் தொனி. விருந்தினரிடம் வெறும் ‘வில் யூ’வைக் குறைவாகவே பயன்படுத்துங்கள், குரல் சற்று ஏறினால் அதட்டுவது போலாகிவிடும்.

பதில் சொல்வதில்தான் ஆபத்து

கேள்வியில் பிழை வந்தால் சிரித்துவிட்டுப் போவார்கள். பதிலில் பிழை வந்தால் விஷயமே தலைகீழாகிவிடும். என்னைக் கேட்டால், டேக் போடக் கற்றுக்கொள்வதற்கு முன்பே இதைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஆத்தங்குடிப் பட்டறையில் நிற்கிறீர்கள். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, பூ அச்சுக்குள் வண்ணக் கலவையை ஊற்றி, அதன் மேல் சிமென்டும் மணலும் போட்டு அழுத்துகிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டுக் காயவைக்கிறார்கள். அந்தப் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவது. இதில் சுடுகிற வேலையே கிடையாது. விருந்தினர் கேட்கிறார்:

“யூ டோன்ட் யூஸ் எ கில்ன், டூ யூ?”

‘கில்ன்’ என்றால் சூளை. நம் மனதில் ஓடுவது, “ஆமா, சூளை கிடையாது.” அந்த ‘ஆமா’வை அப்படியே “யெஸ்” என்று சொல்லிவிடுகிறோம். அவர் காதில் விழுவது, “உண்டு, சூளை வைத்திருக்கிறோம்.” ஊருக்குப் போய் ஆத்தங்குடி டைல் சூளையில் சுட்டது என்று எழுதி வைப்பார்.

தமிழில் ‘ஆமா’ என்றால் கேட்டவர் சொன்னது சரி என்று பொருள். ஆங்கிலத்தில் ‘யெஸ்’ என்றால் உண்டு, ‘நோ’ என்றால் இல்லை. கேள்வி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது பொருட்டே இல்லை. ஆகவே கேள்வியை மறந்துவிட்டு நடப்பை மட்டும் பாருங்கள். சூளை இல்லை, எனவே:

“நோ, வி டோன்ட்.”

‘யெஸ்’ஸும் ‘நாட்’டும் ஒரே பதிலில் சேராது. “யெஸ், வி டோன்ட்” கிடையாது, “நோ, வி டூ”வும் கிடையாது. அவர் நினைத்தது தவறு என்றாலும் இதே வழிதான். “யூ டோன்ட் சர்வ் டின்னர், டூ யூ?” என்று கேட்கிறார், நீங்கள் இரவுச் சாப்பாடு தருகிறீர்கள் என்றால், “யெஸ், வி டூ.”

இந்தக் குழப்பம் எதிர்த் திசையிலும் வரும். நீங்கள் விருந்தினரிடம், “யூ டோன்ட் ஈட் மீட், டூ யூ?” என்று கேட்கிறீர்கள். அவர் “நோ” என்கிறார். அவர் சொன்னது ‘சாப்பிடுவதில்லை’. உங்கள் தமிழ்க் காதுக்கு அது “இல்லையே, சாப்பிடுவேனே” என்று கேட்டுவிட்டால் சைவக்காரர் இலையில் கோழி வறுவல் வந்து உட்காரும். சாப்பாட்டு விஷயத்தில் டேக்கை விட்டுவிட்டு, “டூ யூ ஈட் மீட்?” என்று நேராகக் கேட்பதே நல்லது. பதில் சொல்லும்போது சந்தேகம் வந்தாலும் ‘யெஸ்’, ‘நோ’ இரண்டையும் விட்டுவிட்டு முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்: “வி டோன்ட் யூஸ் எ கில்ன்.” தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி நாம் சொல்லும் ‘ஆமா’ வேறு அவர்களைப் பாதி நேரம் குழப்புகிறது. வாயால் சொல்வதே உத்தமம்.

குரல் ஏறுவதும் இறங்குவதும்

“யூ ஆர் இன் ரூம் ஃபோர், ஆரன்ட் யூ?” இதை டேக்கில் குரலை ஏற்றிச் சொன்னால், எனக்கு உறுதியாகத் தெரியவில்லை, சொல்லுங்கள் என்று பொருள். குரலை இறக்கிச் சொன்னால், தெரியும், சும்மா உறுதிசெய்துகொள்கிறேன் என்று பொருள். வளவில் நிலா வெளிச்சம் விழும்போது ஒருவர் “இட்ஸ் பியூட்டிஃபுல், இஸன்ட் இட்” என்று குரலை இறக்கிச் சொன்னால் அவர் உங்களிடம் தகவல் கேட்கவில்லை. “இட் இஸ்” என்று சொன்னால் போதும். நம்மில் பலர் எல்லா டேக்கையும் மேலே தூக்கிவிடுகிறோம். அதனால் பேசுகிறவருக்கு எதுவுமே தெரியாது போல ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. ஒரே வாக்கியத்தை இரண்டு விதமாகவும் சொல்லி செல்போனில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் உடனே பிடிபடும்.

பிரிட்டிஷ் விருந்தினர்கள் உதவி கேட்கும் விதம் புதியவர்களைச் சில நேரம் திகைக்க வைக்கும். “யூ டோன்ட் ஹேவ் எ ஸ்பேர் கீ, டூ யூ?” என்பார்கள். குறை சொல்வது போலத் தோன்றும், ஆனால் அது பணிவான வேண்டுகோள். ‘உங்களிடம் இருக்காது என்றே வைத்துக்கொள்வோம், இருந்தால் கொடுங்கள்’ என்று உங்களுக்கு மறுக்க இடம் விட்டுக் கேட்கிறார்கள். “யூ வுடன்ட் நோ தி வே டு தி ஆன்டிக் ஷாப்ஸ், வுட் யூ?” என்பதும் அந்த வகை. வழி தெரிந்தால், “யெஸ், ஐ டூ” என்று சொல்லி முனீஸ்வரன் கோயில் தெருவைக் காட்டுங்கள். ‘வுட்’ வைத்துக் கேட்டதற்கு ‘டூ’ வைத்துப் பதிலா என்று யோசிக்க வேண்டாம். அந்த ‘வுட்’ மரியாதைக்கு வந்தது, தெரியுமா என்பதுதான் கேள்வி.

“ஓ, சோ யூ ஆர் ஃப்ரம் காரைக்குடி, ஆர் யூ?” என்று இரண்டு பக்கமும் ‘ஆம்’ ஆகவே யாராவது சொன்னால் அது பிழையில்லை. “ஓகோ, காரைக்குடியா நீங்க” என்ற ஆர்வம் அது. கொஞ்சம் குரல் மாறினால் கிண்டலாகவும் ஆகலாம், அதனால் நீங்களாக இதைப் பயன்படுத்தாமல் காதால் தெரிந்துகொண்டால் போதும்.

டேக் போடக் கூடாத இடங்களும் உண்டு. “யூ லைக்ட் தி ஃபுட், டிடன்ட் யூ?” என்று சாப்பிட்டு எழுந்தவரிடம் கேட்டால் பாவம், அவர் ஆமாம் சொல்லியே ஆக வேண்டும். மிளகுக் காரத்தில் கண் கலங்கியிருந்தாலும் சொல்வார். “டிட் யூ லைக் தி ஃபுட்?” என்று கேட்டால்தான் உண்மை வரும். “யூ ஹேவன்ட் பெய்ட், ஹேவ் யூ?” என்பது கல்லாவில் இருந்துகொண்டு சொல்லவே கூடாத வாக்கியம்.

பயிற்சிக்கு

டேக் இல்லாமல் சில வாக்கியங்கள் தருகிறேன். விடையை மறைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். தடுமாறினால் முதலில் நேர்க் கேள்வியாக மாற்றுங்கள்.

“தே பாட் திஸ் மிரர் இன் காரைக்குடி.”
“நோபடி ஹேஸ் ஓபன்ட் திஸ் டோர்.”
“ஐ ஆம் நெக்ஸ்ட்.”
“லெட்ஸ் கோ டு பிள்ளையார்பட்டி ஃபர்ஸ்ட்.”
“தேர் வேர் டூ கோர்ட்யார்ட்ஸ் இன் தட் ஹவுஸ்.”
“ஐ டோன்ட் திங்க் தி ஊருணி இஸ் ஃபுல்.”
“திஸ் சாரி இஸ் எ கண்டாங்கி.”
“ஷீஸ் நெவர் பீன் டு சென்னை.”

விடைகள் வரிசையாக: டிடன்ட் தே, ஹேவ் தே, ஆரன்ட் ஐ, ஷேல் வி, வேரன்ட் தேர், இஸ் இட், இஸன்ட் இட், ஹேஸ் ஷி. கடைசி வாக்கியத்துக்கு ‘இஸன்ட் ஷி’ என்று சொல்லியிருந்தால் இரண்டு இடத்தில் நழுவியிருக்கிறீர்கள். ‘பீன்’ வந்ததால் ‘ஷீஸ்’ என்பது ‘ஷி ஹேஸ்’. ‘நெவர்’ வந்ததால் வாக்கியம் ஏற்கெனவே எதிர்மறை.

எட்டையும் இன்னொருவரை விட்டு டேக்கோடு கேட்கச் சொல்லி நீங்கள் பதில் சொல்லுங்கள். சென்னைக்கே போகாத அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? “நோ, ஷி ஹேஸன்ட்.”